மூன்று பேரின் தண்ணீர்

நான் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில் மூத்திரத்தை யாரும் மூத்திரம் என்று சொல்லமாட்டார்கள். ‘ஃபீட்’ என்பார்கள். மலத்துக்கு ‘சாலிட்ஸ்’. செவ்வாய் கிரகத்துக்குப் போய்த் திரும்ப வருஷக்கணக்கில் ஆகும். அத்தனை காலத்துக்குமான தண்ணீரைப் பூமியிலிருந்தே தூக்கிக்கொண்டு போக முடியாது. கப்பலுக்குள் இருக்கிறவர்கள் எதை வெளியேற்றுகிறார்களோ அதையே திரும்பப் பிடித்து, காய்ச்சி வடித்து, வடிகட்டிக் குடிக்க வேண்டும். மலத்தைக் கிருமிகளுக்குக் கொடுத்து உரமாக்கி, அதில் கீரை வளர்த்துத் தின்ன வேண்டும். அதற்கான இயந்திரங்களை எங்கள் ஊரில் ஒரு தனியார் நிறுவனம் செய்து பார்த்துக்கொண்டிருந்தது. அங்கே கிருமிகளுக்குப் பொறுப்பு நான்.

இடம், கடற்கரைச் சாலையில் வடக்கே போய், பிள்ளைச்சாவடிக்குக் கொஞ்சம் முன்னால். அதற்கு முன்பு அங்கே இறால் தீவனம் அடுக்கிவைத்திருந்தார்கள். தகரக் கூரையையும் சுவரையும் எத்தனை முறை கழுவியும் அந்த வாடை போகவில்லை. பார்க்க வருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு எங்கள் தொட்டிகளை ஓரக்கண்ணால் பார்ப்பார்கள். “அது பழைய இறால் தீவனம் சார், எங்க நாத்தம் இல்ல” என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போனேன்.

நுண்ணுயிரியல் படித்துவிட்டு முதலில் ஒரு சாராய ஆலையில் ஈஸ்ட் சோதிக்கிற வேலையில் இருந்தேன். அங்கிருந்து இங்கே வந்தபோது வீட்டில், “தண்ணி சுத்தம் பண்ற கம்பெனி” என்று மட்டும் சொன்னேன். பொய்யில்லை. அம்மாவுக்கு அது போதும் என்று நினைத்தேன். அப்பா மில்லில் இருந்தவர், மில் மூடி சில வருஷங்களில் இறந்துவிட்டார். அதற்குப் பிறகு எங்களைக் காப்பாற்றியது அம்மா ஆஸ்பத்திரி வார்டில் பார்த்த வேலை. நோயாளிகளுக்குப் பெட்பேன் வைப்பது, எடுப்பது, கழுவுவது, துணி மாற்றுவது. தெருவில் யாராவது கேட்டால், “ஆஸ்பத்திரில இருக்கேன்” என்பதோடு அம்மா நிறுத்திக்கொள்வாள். நர்ஸ் என்று நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவாள். நானும் என் வேலையை அதே மாதிரிதான் சொல்லியிருக்கிறேன் என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது.

ஒரு பத்திரிகையில் எங்கள் படம் வந்தது. நான் வெள்ளைக் கோட்டில் கண்ணாடிக் குடுவையோடு நிற்கிறேன். கீழே விஷயத்தைப் பச்சையாகவே போட்டிருந்தார்கள். பக்கத்து வீட்டு அக்கா அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வந்து வாசலிலேயே சிரித்தாள். “யக்கா, உம் பொண்ணு மூத்திரத்துல தண்ணி எடுக்குதாமே? நம்ம தெருவுக்கும் ஒரு மிஷின் போடச் சொல்லேன், லாரி தண்ணிக்கு நிக்க வேணாம்.” அம்மாவும் கூடவே சிரித்தாள். அந்த அக்கா போனபிறகு கதவைச் சாத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

“நான் படுத்துக் கெடந்தவனுக்குப் பீ வாரினேன். நீ மேல பறக்கறவனுக்கு வாரப் போற. இதுக்கா ஒன்ன எம்.எஸ்ஸி படிக்க வெச்சேன்?”

“அம்மா, இது ஆராய்ச்சி.”

“பேரு எது வேணா வெச்சிக்கோ.”

அன்றைக்கு எனக்குப் பயங்கரக் கோபம். நான் என்ன வேலை செய்கிறேன் என்று இவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். பூமியில்தான் அது அசிங்கம். விண்வெளியில் ஒரு சொட்டுக்கூட அசிங்கம் கிடையாது, எல்லாமே தண்ணீர், எல்லாமே சோறு. அங்கே போனால் இந்தக் கணக்கெல்லாம் மாறிவிடும் என்று உண்மையாகவே நம்பினேன். அந்த வேலையில் எனக்குப் பிடித்ததே அதுதான்.

எங்கள் இயக்குநர் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்துக்காரர். பாரீஸில் படித்து, அங்கேயே நெடுங்காலம் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். எல்லோருக்கும் அவர் ‘முசியே’, பிரெஞ்சில் ஐயா. எது நடந்தாலும் “பா கிராவ்” என்பார். பரவாயில்லை, பெரிய விஷயமில்லை என்று அர்த்தம். குழாய் வெடித்து மேசையெல்லாம் ஃபீட் ஓடியபோதும் பா கிராவ், சம்பளம் தள்ளிப்போனபோதும் பா கிராவ். நல்ல மனுஷர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன்.

பம்புகளையும் வடிக்கிற யூனிட்டையும் பார்த்துக்கொண்டவர் ஒரு இன்ஜினியர். என்னைவிடச் சற்று மூத்தவர். அதிர்ந்து பேசமாட்டார். என்னை ‘மேடம்’ என்றுதான் கூப்பிடுவார். நான் சேர்ந்த புதிதில் டீ குடிக்கும்போது, “மேடம் வீடு எங்க?” என்று கேட்டார்.

“முதலியார்பேட்டை சார்.”

“முதலியார்பேட்டைல எந்தப் பக்கம்?”

இந்த இரண்டாவது கேள்வி எனக்குப் பழக்கம். பள்ளிக்கூடத்திலிருந்து கேட்டுக்கொண்டே வருகிறேன். பக்கத்தைச் சொன்னேன், தெருவையும் சொன்னேன். “ஓ” என்றார். சிரித்தார். அவ்வளவுதான். அதற்குப் பிறகும் மரியாதை குறையவில்லை. ஆனால் மதியம் எல்லோரும் டப்பாவைத் திறந்து நடுவில் வைத்துச் சாப்பிடும்போது, என் டப்பா பக்கம் அவர் கை வராது. வஞ்சிரம் வறுத்துக் கொண்டுபோனால் “நான் வெஜிடேரியன்” என்பார். உருளைக்கிழங்கு கொண்டுபோனால் “வயிறு சரியில்ல” என்பார். பக்கத்தில் உட்காரும் எங்கள் ஆய்வுக்கூட டாக்டரம்மாவின் டப்பாவிலிருந்து முட்டைப் பொரியலே எடுத்துச் சாப்பிடுவார். நான் கவனிக்காத மாதிரி இருந்துவிடுவேன். அப்படி இருந்துதான் படித்து முடித்தேன், வேலைக்கும் போனேன்.

மூடிய அறைச் சோதனை என்று ஒன்று முடிவானது. இரண்டு கப்பல் கன்டெய்னர்களை ஒன்றாகப் பற்றவைத்து, காற்றுக்கூடப் போகாமல் அடைத்து, அதற்குள் மூன்று பேர் வாரக்கணக்கில் இருக்க வேண்டும். வெளியிலிருந்து தண்ணீர் கிடையாது. ஆரம்பத்தில் வைத்துவிட்டுப் போகிற தண்ணீரே திரும்பத் திரும்ப எங்கள் உடம்பு வழியாகச் சுற்றி வரவேண்டும். இயந்திரத்துக்கு இன்ஜினியர், கிருமிகளுக்கு நான், உடம்பைப் பார்த்துக்கொள்ள அந்த டாக்டரம்மா. டாக்டர் என்னைவிட இளையவள், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

உள்ளே போவதற்கு முன் அம்மாவிடம் சொன்னேன். “பெரிய பெட்டில அடச்சி வெப்பாங்களா?” என்றாள். “சாப்பாடு?” என்றாள். பிறகு ஒரு பாட்டில் எலுமிச்சை ஊறுகாய் கட்டிக் கொடுத்தாள். பட்டியலில் இல்லாத சாமானை உள்ளே விடமாட்டார்கள் என்று அதை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள்.

உள்ளே மூன்று தட்டுப் படுக்கை, மடக்கு மேசை, சிவப்பும் நீலமுமாக விளக்கு எரியும் கீரை அலமாரி, மூலையில் கழிப்பறை. விண்வெளியில் எதுவும் கீழே விழாது என்பதால் எல்லாவற்றையும் காற்றால் உறிஞ்ச வேண்டும். மூத்திரத்துக்குப் புனல் வைத்த குழாய், மற்றதற்குப் பை. உறிஞ்சும் மின்விசிறி லாரி ஏறுவதுபோலச் சத்தம் போடும். அதைக் கேட்டாலே உள்ளே யார் என்ன செய்கிறார்கள் என்று தெரிந்துவிடும். முதலில் கூச்சமாக இருந்தது, அப்புறம் போய்விட்டது. பையைக் கட்டி என் தொட்டியில் போடுவதும், கிருமிகள் தின்று முடித்ததும் மிஞ்சுகிற கரைசலை வடித்துக் கீரைக்கு விடுவதும் என் வேலை. மூன்று பேருடையதும் அதில் கலந்துதான் இருந்தது. சிறுகீரை நன்றாகவே வந்தது.

யூனிட்டிலிருந்து முதல் தண்ணீர் வடிந்த அன்றைக்குச் சுவரில் இருந்த கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே எல்லோரும் கூடிவிட்டார்கள். மூன்று பேரும் டம்ளரைத் தூக்கிக் காட்டினோம். நானும் டாக்டரும் குடித்தோம். இன்ஜினியர் டம்ளரை வாயருகே வைத்ததைப் பார்த்தேன். வெளியே கைதட்டினார்கள். சுவையில் ஒன்றும் இல்லை. வெறும் தண்ணீர். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றைக்கு நான் உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தேன்.

மறுநாள் காலை முசியே ஜன்னலுக்கு வந்தார். உள்ளேயும் வெளியேயும் பேச ஒரு போன் உண்டு. என்னைக் கூப்பிட்டார்.

“உன் சாம்பிள்ல கால்சியம் கொஞ்சம் கூட இருக்கும்மா. யூனிட்ல உப்புப் படிஞ்சிடும். உன்னோட ஃபீட மட்டும் அந்தப் பழைய யூனிட்ல தனியா விட்டுடலாமா?”

“எனக்கா? நான் பாத்தவரைக்கும் அப்படி ஒண்ணும் இல்லையே முசியே.”

“பா கிராவ். சின்ன மாத்தம். ஒப்பிட்டுப் பாக்கவும் ஆகும்ல?”

மூலையில் நாங்கள் முதன்முதலில் செய்து பார்த்த சின்ன யூனிட் ஒன்று, அவசரத்துக்கு இருக்கட்டும் என்று, வைக்கப்பட்டிருந்தது. நானே ஸ்பானர் எடுத்து, நானே குழாயை அறுத்து, இணைத்து, கிளாம்ப் போட்டு முடுக்கினேன். கழிப்பறையில் ஒரு வால்வு வைத்தேன். நான் போகும்போது மட்டும் இந்தப் பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டும். ‘பி லைன்’ என்று என் கையெழுத்திலேயே சீட்டு ஒட்டினேன். இன்ஜினியர் பக்கத்தில் நின்று, “வாஷர் போட்டீங்களா மேடம்?” என்று கேட்டு எடுத்துக் கொடுத்தார். நன்றாக உதவி செய்தார்.

அதிலிருந்து அவர்கள் இரண்டு பேருக்கும் பெரிய கேன், எனக்குச் சின்னக் கேன். பழைய யூனிட் மெதுவாகத்தான் வடிக்கும். தண்ணீரில் லேசாக பிளாஸ்டிக் வாடை வரும். நான் குடித்தேன். ஆராய்ச்சிக்காகத்தானே.

அந்த வாரச் சோதனையை நானே செய்தேன். மூன்று பேரின் கால்சியமும் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் இருந்தது. கூட என்று சொன்னால் டாக்டருடையதுதான் ஒரு பொட்டு கூட. ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று முசியேவிடம் போனில் சொன்னேன். “சரி, பாக்கலாம்” என்றார். அவர் குரலில் ஆச்சரியமே இல்லை. அந்தக் குரல்தான் என்னைச் சந்தேகப்படவைத்தது.

டாக்டரிடம் கேட்டேன். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டு சோற்றைப் பிசைந்தாள்.

“என்கிட்ட கேக்காதீங்க அக்கா.”

“உனக்குத் தெரியுமா?”

“ப்ளீஸ் அக்கா.”

தெரியும் என்று அதற்கு அர்த்தம். இன்ஜினியர் கீரை அலமாரிக்கு அடியில் ஒரு பம்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். நேராகப் போய் நின்றேன்.

“சார், என்னோடத எதுக்குத் தனியா விடச் சொன்னீங்க?”

நிமிர்ந்து பார்த்தார். மறுப்பார் என்று நினைத்தேன். துணியை மடித்துக் கீழே வைத்தார்.

“தப்பா எடுத்துக்காதீங்க மேடம். உங்க மேல எனக்கு எந்த வருத்தமும் இல்ல. நான் வீட்டுல தெனம் பூஜை பண்றவன். என்னோடதுன்னா சரி, மனசு ஒத்துக்கிது. மத்தவங்களோடது கஷ்டமா இருக்கு.”

“டாக்டரோடது?”

துணியை மறுபடி எடுத்துப் பம்பைத் துடைத்தார்.

“டாக்டரோடதும் உங்களோடதும் ஒண்ணாத்தானே போவுது? அது கஷ்டமா இல்லையா?”

“அவங்க வீட்ல நான் சாப்ட்ருக்கேன் மேடம். அவங்க ஃபேமிலிய எனக்குத் தெரியும்.”

குரலை உயர்த்தவே இல்லை. கடையில் எந்தச் சோப்பு வாங்குவீர்கள் என்று கேட்டதற்குப் பதில் சொல்வதுபோலச் சொன்னார். டாக்டர் படுக்கையில் அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

“அப்ப கீரை? அதுல என்னோடதும்தானே இருக்கு. நேத்து சாப்ட்டீங்களே.”

“செடி வழியா வந்தா அது வேற மேடம். இயற்கை.”

எனக்கு அழுகை வரவில்லை. உலகத்தையே விட்டுப் போவதற்கான பெட்டி. காற்றுக்கூட உள்ளே வராமல் அடைத்திருக்கிறார்கள். இது மட்டும் எப்படியோ வந்துவிட்டது. அதற்கு வழி செய்து குழாய் மாட்டிக் கொடுத்தவளும் நான்தான்.

அப்போது அவர் தலைக்கு மேலே குளிர்விக்கும் தகட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வீட்டு ஏசியின் குழாயில் சொட்டுமே, அது போல. மூடிய அறையில் மனிதர்கள் விடும் மூச்சிலும் வேர்வையிலும் எவ்வளவோ தண்ணீர் இருக்கிறது. அதை வீணாக்க முடியாது. குளிர்ந்த தகட்டில் படியவைத்து, சொட்டுச் சொட்டாகப் பிடித்து, பெரிய யூனிட்டில் சேர்த்துவிடுவோம். நாங்கள் குடிக்கிற தண்ணீரில் பெரும்பங்கு அதுதான். அந்தத் தகட்டை வடிவமைத்தவர் அவர்தான். ஆனால் அதை அவர் நினைத்துப் பார்க்கவில்லை என்பது எனக்குத் திடீரென்று விளங்கியது.

“சார், அந்தத் தண்ணி எங்க போவுது?” என்று மேலே காட்டினேன்.

அவரும் மேலே பார்த்தார்.

“என் மூச்சு அதுல இருக்கு. என் வேர்வை இருக்கு. நான் தலைக்கு ஊத்திக் காயவெச்ச முடியோட ஈரம் இருக்கு. மொத நாள்லேர்ந்து எல்லாம் உங்க கேன்லதான் சேருது.”

அவர் முகம் மாறியதை நான் மறக்கவே மாட்டேன். அதைப் பார்த்ததில் எனக்கு ஒரு திருப்தி இருந்தது, அதையும் இங்கே மறைக்கப்போவதில்லை.

“அது ஃபில்டர் ஆயிதான வருது” என்றார்.

“மூத்திரமும் ஃபில்டர் ஆயிதான் வருது சார்.”

அதற்குப் பிறகு அவர் பெரிய கேனைத் தொடவில்லை.

ஆபத்துக்கு என்று உள்ளே கொஞ்சம் பாட்டில் தண்ணீர் மூடி முத்திரையிட்டு வைத்திருந்தார்கள். யாரையும் கேட்காமல் அதை உடைத்துக் குடிக்க ஆரம்பித்தார். டாக்டர் போனில் சொன்னாள். முசியே ஜன்னலுக்கு வந்து அவரிடம் நெடுநேரம் பேசினார். இவர் தலையாட்டினார். பாட்டில்கள் தீர்ந்தன. அதன்பின் வேறு வழியில்லாமல் கேனிலிருந்து ஒரு மடக்கு, இரண்டு மடக்கு, அதையும் கண்ணை மூடிக்கொண்டு, மருந்து மாதிரி. பிறகு அதுவும் இல்லை. பிஸ்கட்டும் வறுத்த கடலையும் தின்றுகொண்டு படுக்கையில் கிடந்தார். உதடு வெடித்தது. பேச்சு குழறியது. நாங்கள் சுவரோடு சுவராக மூன்று பேர் இருக்கிற இடம். ஒருத்தர் தாகத்தில் வறண்டுகொண்டிருக்கிறார், எட்டுகிற தூரத்தில் கேன் நிறையத் தண்ணீர் இருக்கிறது.

ஒரு தடவை நானே டம்ளரில் மோந்து கொண்டுபோனேன். “சார், குடிங்க. வீம்பு வேணாம்.” தலையைத் திருப்பிக்கொண்டார். “அங்க வெச்சிட்டுப் போங்க மேடம்” என்றார். வைத்தேன். அது அப்படியே இருந்தது.

மறுநாள் எழுந்திருக்கும்போது அவர் கால் மடங்கி மேசை மேல் விழுந்தார். டாக்டர் கண்ணாடியை இரண்டு கையாலும் அடித்தாள். “கதவத் திறங்க! கிட்னி போயிடும்! திறங்க!” என்று கத்தினாள். அவள் குரல் அவ்வளவு பெரியது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கதவைத் திறந்தார்கள். இறால் தீவன வாடையோடு வெளிக்காற்று உள்ளே வந்தது. அவரைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சோதனை பாதியில் நின்றது.

அவர் பிழைத்துக்கொண்டார். குளுக்கோஸ் ஏற்றி, ஒரு வாரத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். நல்லதுதான். சாக வேண்டும் என்று நான் ஒருபோதும் நினைக்கவில்லை.

முசியே என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

“நீ ஏம்மா அத அவர்கிட்ட சொன்னே?”

“உண்மைதானே முசியே?”

“உண்மைதான். எதுக்குச் சொன்னே?”

“நீங்க எதுக்குக் கால்சியம்னு சொன்னீங்க?”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அவர் இல்லன்னா யூனிட் ஓடாது. அவரையும் வெச்சிக்கணும், உன்னையும் நோகடிக்கக்கூடாது. நான் என்னா பண்ணட்டும்? உன் மனசு கஷ்டப்படக்கூடாதுன்னுதான் அப்படிச் சொன்னேன்.”

எனக்காகத்தான் அந்தப் பொய்யாம். அவர் சொன்ன விதத்தில், நான் நன்றி சொல்லவேண்டும் என்று எதிர்பார்த்தாற்போல் இருந்தது. அன்றைக்கு அவர் பா கிராவ் என்று சொல்லவில்லை.

மேலிடத்துக்குப் போன அறிக்கையில், வடிக்கிற யூனிட்டில் கோளாறு என்று இருந்தது. யூனிட்டில் ஒரு கோளாறும் இல்லை. அது ஒருவர் முகத்தையும் பார்க்காமல் வந்ததையெல்லாம் தண்ணீராக்கியது. ஆட்களைப் பற்றிய பகுதியில் என் பெயருக்கு நேராக, குழுவோடு ஒத்துப்போகும் இயல்பு குறைவு என்று எழுதியிருந்தார்கள். அடுத்த கட்டத்துக்கு என்னை எடுக்கவில்லை. ஒப்பந்தம் முடிந்தது, நீட்டிக்கவில்லை. வழியனுப்ப ஒரு கேக் வாங்கியிருந்தார்கள். நான் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்று சொன்னேன்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், கையை நிறுத்தவில்லை.

“அவன் செத்துகித்து வெச்சிருந்தா?”

“தண்ணி இருந்துச்சும்மா. அவருதான் குடிக்கல.”

என்னைப் பார்க்காமலே சொன்னாள். “வார்டுல ஒரு கெழவி இருந்துச்சு. இடுப்பு ஒடிஞ்சி படுத்த படுக்க. பெட்பேன நான்தான் வெக்கணும், நான்தான் எடுக்கணும், நான்தான் தொடச்சி வுடணும். தெனம் ஆறேழு வாட்டி. பக்கத்துல தண்ணி கிளாஸ் இருக்கும். ‘ஏந்துக் குடிக்க முடியல, குடும்மா’ன்னு கேக்கும். நான் எடுத்தா, ‘நீ வேணாம், நர்ஸம்மாவக் கூப்புடு’ன்னுடும்.”

“நீ என்னா பண்ணுவ?”

“நர்ஸம்மாவக் கூப்புடுவேன்.”

“என்கிட்ட சொன்னதே இல்லையேம்மா.”

“சொல்லி? இன்னா ஆவப்போவுது?” காம்புகளைக் கூட்டி அள்ளிக் குப்பையில் போட்டாள். “நீ படிச்சா இதெல்லாம் இருக்காதுன்னு நெனச்சேன். நீயும் அததான நெனச்ச.”

அவள் முகத்தில் என் மேல் பெருமையோ கோபமோ எதுவும் தெரியவில்லை. களைப்புதான் தெரிந்தது.

இப்போது நான் கடற்கரை ஓரத்தில் ஒரு சொகுசு விடுதியில் கழிவுநீர் நிலையத்தைப் பார்த்துக்கொள்கிறேன். அதே கிருமிகள், அதே காற்றூதும் தொட்டிகள், அளவுதான் பெரிது. சுத்தமான தண்ணீரைப் புல்தரைக்கு விடுகிறோம். தங்க வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு அந்தப் புல்லில் காலாற நடக்கிறார்கள், படுத்துப் புகைப்படம் எடுத்துக்கொள்கிறார்கள். யாரும் எதுவும் கேட்பதில்லை. சம்பளம் முன்பைவிடக் குறைவு. வெள்ளைக் கோட்டு கிடையாது, ரப்பர் பூட்ஸ்தான். அம்மா இதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

அந்த இன்ஜினியர் நன்றாக இருக்கிறார். வேறு ஊரில் பெரிய திட்டம் ஒன்றில் எடுத்துக்கொண்டார்கள். விண்வெளியில் தண்ணீரை மறுசுழற்சி செய்வது பற்றிக் கல்லூரிகளுக்குப் போய்ப் பேசுகிறார். ஒரு பேச்சை போனில் பார்த்தேன். “அங்க மேல நீ, நான்னு கெடையாது. எல்லாரும் ஒரே தண்ணியத்தான் குடிக்கணும்” என்று சொன்னார். மாணவர்கள் பலமாகக் கைதட்டினார்கள். அவர் அதை நடிப்பாகச் சொன்னதாகத் தெரியவில்லை. நம்பித்தான் சொல்கிறார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. போனை அணைத்துவிட்டேன்.

போன மாதம் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் டாக்டரைப் பார்த்தேன். ஏலம் முடிந்து கூடைக்காரிகள் உட்கார்ந்து விற்கிற நேரம். நான் சங்கரா வாங்கி வெட்டக் கொடுத்திருந்தேன். அவள்தான் முதலில் பார்த்தாள். வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எப்டி இருக்கீங்க அக்கா?”

“இருக்கேன்.”

வெட்டுகிற அம்மா செதில் தேய்ப்பதைக் கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். காலடியில் ஐஸ் தண்ணீர் ஓடியது.

“அக்கா, அன்னைக்கு முசியே என்கிட்டயும் கேட்டாரு. ‘உனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லையே, அவரோடதும் உன்னோடதும் மட்டும் ஒண்ணாப் போனா’ன்னு. எதுக்குன்னு எனக்குப் புரிஞ்சிடுச்சி. ஆட்சேபணை இல்லன்னு சொல்லிட்டேன். உங்களுதும் சேந்தே போவட்டும்னு நான் சொல்லியிருக்கணும். அவரு கீழ விழுந்தப்போ அப்டிக் கத்துனேன். இதுக்கு வாயே தொறக்கல.”

அவள் கண் கலங்கியிருந்தது. நல்ல பெண்தான். நான், ‘விடு, பரவாயில்ல’ என்று சொல்லவேண்டும் என்று காத்திருந்தாள். அது அவளுக்கு மிகவும் தேவைப்பட்டது என்று எனக்குத் தெரிந்தது.

“ஆமா, சொல்லியிருக்கணும்” என்றேன்.

கையை மெல்ல விட்டாள். மீன் வெட்டி முடிந்திருந்தது. பையை வாங்கிக்கொண்டு, “வரட்டா” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.